மேலே 30, உள்ளே வேறு எஃகு: ஷாஃப்ட் வாங்கி ஏமாந்த கதை

எஃகு ஷாஃப்ட் (இயந்திரத்தில் சுழலும் தண்டு) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். நான் கேட்டது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4140 ரக எஃகு, 70 மி.மீ. விட்டம், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 28 முதல் 32 வரை கடினம். அளவுக்குக் கடைந்து, வெப்பப் பதம் செய்து, சான்றிதழோடு வந்தது. மேற்பரப்பில் சோதித்தோம், 30 காட்டியது. மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது மாதம் அது, கீ எனப்படும் பூட்டுக் கட்டையைப் பொருத்த வெட்டிய காடியில் (நீளப் பள்ளத்தில்) இரண்டாக ஒடிந்தது. அப்போது பக்கத்தில் யாரும் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

ஒடிந்த முகத்தில் காடியின் மூலையிலிருந்து அலை அலையாகக் கோடுகள் விரிந்திருந்தன. ஒரே நாளில் முறிந்ததல்ல; சுழலச் சுழல விரிசல் வளர்ந்திருக்கிறது. ஒரு துண்டை அறுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். குரோமியம் ஏறக்குறைய 1 சதவீதமும், மாலிப்டினம் 0.2 சதவீதமும் இருந்திருக்க வேண்டும். இரண்டும் பெயரளவுக்குக்கூட இல்லை. கார்பன் மட்டும் 0.45 சதவீதம். அதாவது சாதாரணக் கார்பன் எஃகு.

அப்படியானால் 30 என்று காட்டியது பொய்யா? இல்லை. அதுதான் இந்த ஏமாற்றின் சூட்சுமம். செஞ்சூட்டில் எஃகின் உள்ளமைப்பு ஆஸ்டெனைட்டாக இருக்கும். அதைச் சட்டென்று குளிர்வித்தால் மார்டென்சைட்டாக மாறும். நிதானமாகக் குளிர்ந்தால் மென்மையான ஃபெரைட்டும் பெர்லைட்டும்தான் கிடைக்கும். மார்டென்சைட் எவ்வளவு கடினமாக இருக்கும் என்பதைப் பெரும்பாலும் கார்பன்தான் தீர்மானிக்கிறது. அந்தக் கடினம் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பவை குரோமியம், மாலிப்டினம், மாங்கனீசு போன்ற கலப்புத் தனிமங்கள். பெர்லைட் உருவாவதை அவை தாமதப்படுத்துகின்றன. அதனால் மெதுவாகக் குளிரும் உட்பகுதிக்கும் கடினமாக அவகாசம் கிடைக்கிறது. கார்பன் எஃகில் அந்த அவகாசம் ஒரு நொடி அளவுதான். தண்ணீரில் அமிழ்த்தினாலும் தடித்த உருளையின் தோல் மட்டுமே கடினமாகும். அந்தத் தோலை மறுபடி சூடாக்கி, கடினத்தைக் குறைத்து வேண்டிய அளவுக்குப் பதப்படுத்திவிட்டால் மேற்பரப்புச் சோதனையில் இரண்டு எஃகும் ஒரே எண்ணைக் காட்டும்.

நுண்ணோக்கிப் படத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. விளிம்பில் சுமார் 3 மி.மீ. வரை பதப்பட்ட மார்டென்சைட். அதற்குள்ளே முழுக்க ஃபெரைட் வலையும் பெர்லைட்டும். காடியின் ஆழம் 7.5 மி.மீ. தகைவு (சுமையால் உள்ளே எழும் அழுத்தம்) குவியும் அந்த மூலை, வலுவான தோலைத் தாண்டி மென்மையான பகுதியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

காடி வெட்டிய தம்பி அன்றைக்கே சொன்னான்: "அண்ணா, மேலே கட்டர் திணறியது. கொஞ்சம் இறங்கியதும் லேசாகப் போகிறதே." சான்றிதழ் கையில் இருந்த நம்பிக்கையில் நான் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் கை உணர்ந்ததை நான் மதித்திருக்க வேண்டும்.

விற்றவரிடம் கேட்டேன். "நீங்கள் கேட்ட கடினம் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?" என்றார். சான்றிதழில் இருந்த உருக்கு எண்ணை (எஃகு எந்த உருக்குத் தொகுதியிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) ஷாஃப்டில் காட்டச் சொன்னேன். கடையும்போது போய்விட்டது என்றார். பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். சான்றிதழ் ஏதோ ஓர் உண்மையான 4140 உருக்குக்கு உரியதாக இருக்கலாம். என் கைக்கு வந்த இரும்புக்கு உரியதல்ல.

ஆகவே காகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். வாங்கும் பொருளின் மீதே, அதில் கலந்துள்ள தனிமங்களைக் காட்டும் நிறமாலைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். அதே உருளையிலிருந்து, பதம் செய்த பிறகு, முனையை ஒட்டிய பகுதியைத் தள்ளிவிட்டு ஒரு வில்லை அறுத்து வாங்குங்கள். முனை எல்லாப் பக்கமும் குளிர்வதால் அங்கே கிடைக்கும் எண் நடுப்பகுதிக்குப் பொருந்தாது. வில்லையின் விளிம்பிலிருந்து மையம் வரை கடினத்தை அளந்து பாருங்கள். இதற்கு மறுக்கிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

இப்போது ஓடுகிற ஷாஃப்டை வேறிடத்தில் வாங்கினேன். வில்லையை என் கண் முன்னே அளந்தார்கள். விளிம்பில் 31, மையத்தில் 28.