படக்கதை நாயகிக்கு எந்த மண்?

புதுச்சேரியில் நடக்கும் மென்மையான மாயக் கதை ஒன்றைப் படக்கதையாக வரைவதாக வைத்துக்கொள்வோம். சண்டை கிடையாது, அவசரம் கிடையாது. நாயகி மண் வனையக் கற்கிறாள். அவள் செய்யும் பாத்திரம் தன்னைத் தொட்டவர்களை நினைவில் வைத்திருக்கும். அவளை எங்கே அனுப்புவது? வில்லியனூர் சுடுமண்ணுக்கா, கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி வளர்த்தெடுத்த, கல்போல் இறுக வேகும் ஸ்டோன்வேருக்கா?

வரைய என்று பார்த்தால் ஸ்டோன்வேர்தான் முன்னால் நிற்கும். கோல்டன் பிரிட்ஜ், 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய பட்டறை. ஸ்டோன்வேர் சூளையில் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே பூசிய கிளேஸ் என்ற பூச்சு உருகிக் கண்ணாடியாகும். எந்த நிறத்தில் வந்து நிற்குமென்று சூளையைத் திறக்கும்வரை வனைந்தவருக்கே முழுதாகத் தெரியாது. இரண்டு பக்கம் முழுக்க நெருப்பையே வரையலாம். ஆனால் வெந்த கோப்பை எதையும் உறிஞ்சாது. கழுவினால் நேற்றைய தேநீர் போயே போச்சு. நினைவுதான் கதை என்றால் இது பெரிய குறை.

வில்லியனூர் சுடுமண் புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சுடுமண் பொதுவாக 1,000 டிகிரிக்குக் கீழேயே வெந்துவிடும், அதனால் உடம்பெல்லாம் நுண்துளை. புதுச் சட்டியை யாரும் நேரே அடுப்பில் ஏற்றுவதில்லை. தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவிய தண்ணீரோ வடித்த கஞ்சியோ ஊற்றிக் கொதிக்கவிட்டு, சில நாள் பழக்க வேண்டும். பழகிய மீன்குழம்புச் சட்டியில் பால் காய்ச்சிப் பாருங்கள், வாடை காட்டிக்கொடுத்துவிடும். இதற்குமேல் மாயம் என்று தனியாக எதைச் சேர்ப்பது? இருப்பதைக் கொஞ்சம் நீட்டினால் போதும்: ஆயா பழக்கிய சட்டியில் வெந்நீர் வைத்தால் ஆயா குரல் கேட்கும்.

சீக்கிரம் உடையுமே என்பார்கள். உடையட்டும். 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்துப் பழந்துறைமுகமான அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்டிமர் வீலருக்குக் காலத்தைக் கணிக்கக் கைகொடுத்தவை இத்தாலியிலிருந்து வந்த சிவப்புப் பாத்திரங்களின் உடைந்த சில்லுகள். தமிழ் பிராமியில் பெயர் கீறிய ஓடுகளும் அங்கே கிடைத்தன. உடைந்த சில்லுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கலாம்.

எனவே நாயகி வில்லியனூருக்கே போகட்டும். ஸ்டோன்வேரையும் விட மனமில்லை. அவள் தோழியை அங்கே அனுப்புவேன். எதையாவது மறக்க நினைப்பவர்கள் அந்தத் தோழியிடம் கோப்பை வாங்க வருவார்கள்.