அயோடினா, இண்டியமா? குட்டிச் செயற்கைக்கோளுக்கு எந்த எஞ்சின்

முழங்காலில் அடிபட்டால் தடவும் டிங்சரில் இருக்கிறதே, அதே அயோடின்தான். பிரான்சின் த்ரஸ்ட்மீ நிறுவனம் அதை உந்துபொருளாக வைத்து விண்கல எஞ்சின் செய்கிறது. ஆஸ்திரியாவின் என்பல்ஷன் நிறுவனம் எடுத்துக்கொண்டது இண்டியம். நகத்தால் கீறினாலே கோடு விழும் மெத்தென்ற உலோகம் அது.

ஏன் இந்த விசித்திரத் தேர்வுகள்? பெரிய செயற்கைக்கோள்களின் இத்தகைய மின் எஞ்சின்களில் வழக்கமாகச் செல்வது செனான் வாயு. விலை அதிகம், அடைத்து வைக்க உயர் அழுத்தத் தொட்டியும் வேண்டும். இருபது கிலோ செயற்கைக்கோளில் அதற்கு இடம் ஏது? திடப்பொருளை எடுத்துப் போனால் அந்தத் தலைவலி இல்லை.

இரண்டு எஞ்சின்களுமே எதையும் எரிப்பதில்லை. பொருளை அயனிகளாக்கி, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களாக்கி, மின்சாரத்தால் வெளியே தள்ளுகின்றன, அவ்வளவுதான். தள்ளும் விதம்தான் வேறு. அயோடினைச் சூடாக்கினால் பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே ஊதாப் புகை எழும். அதைப் பிளாஸ்மாவாக்கி, அதாவது அயனிகள் நிறைந்த வாயுவாக்கி, மின்னழுத்தம் கொடுத்த வலைக்கம்பிகளின் வழியே அயனிகளை இழுக்கிறார்கள். அணைத்ததும் ஆவி ஆறி உறைந்து துளையை அடைத்துக்கொள்கிறது, தனியாக வால்வு தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இண்டியம் 157 டிகிரியில் உருகும். உருகியது நுண்துளை டங்ஸ்டன் ஊசிகளில் தானாக ஏறும், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. நுனியில் உயர் மின்னழுத்தம் அயனிகளைப் பிய்த்தெடுக்கும்.

சரி, விசை? இண்டியம் எஞ்சினின் நானோ மாடலில் அதிகபட்சம் 0.35 மில்லிநியூட்டன். அயோடின் எஞ்சின் 1 மில்லிநியூட்டனைத் தொடும். விண்வெளியில் காட்டியது 0.8 என்று வைத்தால் கிட்டத்தட்ட நாலு அரிசி மணியின் எடை! 480 கி.மீ. உயரத்தில் சுற்றும் 20 கிலோ செயற்கைக்கோளை ஒரு மணி நேரம் தள்ளினால், என் கணக்குப்படி அயோடின் சுமார் 250 மீட்டர் ஏற்றும், இண்டியம் 110 மீட்டர்தான். ஆனால் சிக்கனத்தில் இண்டியம்தான் ராஜா. அதே எடைப் பொருளிலிருந்து இரண்டு மடங்குக்கும் மேல் வேலை வாங்க முடியும்.

அனுபவத்தில் இண்டியம் மூத்தது. 2018 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.யில் போனது. அயோடின் 2020 நவம்பரில் சீன ராக்கெட்டில் ஏறியது.

அயோடினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: உலோகத்தை அரிக்கும். கேமராவும் சென்சாரும் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இண்டியமும் குளிர்ந்த பரப்பில் படியும், ஆனால் அரிக்காது.

மோதல் வருகிறது, விலக வேண்டும் என்றால் நான் அயோடினைத்தான் கேட்பேன். வருடக்கணக்கில் ஊர்ந்து, துல்லியமாக வரிசை பிடிக்க வேண்டிய, கூட்டமாகச் சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு இண்டியம்.