எங்க ஏரியா ரேஷன் கடை ரிவ்யூ: பருப்பு, பாமாயில் வந்துச்சுன்னா அஞ்சு ஸ்டார்

புதுசா தொறக்குற பிரியாணி கடைக்கெல்லாம் பக்கம் பக்கமா ரிவ்யூ வருது, மாசா மாசம் போயி நிக்கிற ரேஷன் கடைக்கு ஒருத்தரும் எழுதக் காணோம், அதான் நான் எழுதிட்டேன். சென்னை, அரிசி கார்டு, வீட்ல நாலு பேர். எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், அடுத்த மாசமும் அங்கதான் பை தூக்கிட்டுப் போகணும்.

முதல்ல அரிசி. 2011 ஜூன்ல இருந்து ஃப்ரீ. சோறு வடிக்க ஒரு மாசம் நல்லா இருக்கும், அடுத்த மாசம் பழுப்பா ஒரு வாடையோட வரும், எந்த மூட்டை பிரிக்கறாங்களோ அது நம்ம அதிர்ஷ்டம். ஆனா புழுங்கலரிசி இட்லிக்கு அருமை, நல்லா ஊற வச்சு ஆட்டுனா பஞ்சு மாதிரி வரும், வெளில இட்லி அரிசி வாங்குறதையே நிறுத்திட்டோம். அப்புறம் ஊற வைக்கும்போது தண்ணில மிதக்குற அந்த வெள்ளை மணி பிளாஸ்டிக் அரிசி இல்லீங்க, செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 சேத்து மணியா செஞ்சு 100 கிலோவுக்கு 1 கிலோன்னு கலக்குறது. எங்கம்மா அதைத்தான் உக்காந்து பொறுக்கி குப்பைல போட்டுட்டு இருந்தாங்க, எவ்ளோ சொன்னாலும் நம்பல, வாட்ஸப்ல வேற மாதிரி வந்துச்சாம்.

ஆனா விலை ஏறுறப்ப நிஜமா கை குடுக்கறது பருப்பும் பாமாயிலும்தான். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் பாக்கெட் 25. 2007-ல விலைவாசி ஏறினப்ப ஆரம்பிச்ச சிறப்பு பொது விநியோகத் திட்டம் இது. 2022 ஞாபகம் இருக்கா, உக்ரைன் சண்டைல சன்பிளவர் ஆயில் வரத்து அடிபட்டுச்சு, அது பத்தாதுன்னு ஏப்ரல் கடைசில இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே கொஞ்ச நாள் நிறுத்துச்சு, மளிகைக் கடைக்காரர் வாரத்துக்கு ஒரு ரேட் சொன்னார், ரேஷன்ல அப்பவும் அதே 25 ரூபாதான். நம்ம எண்ணெயில பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்து வருது, துவரை மியான்மர், மொசாம்பிக்ல இருந்தெல்லாம் வருது, அதனால எங்கயோ மழை தப்புனா நம்ம சாம்பார் தண்ணியாயிடுது.

விலை ஏறுனா யாரும் சோத்தை நிறுத்த மாட்டாங்க, மொதல்ல பருப்பு குறையும், அப்புறம் முட்டை, பழம். எங்க வீட்லயே அப்படித்தான், வயிறு ரொம்பிடும், வெறும் சோறு ரசம்னு ஓடும், பசங்களுக்கு சத்து எங்கிருந்து வரும்? அதனாலதான் சொல்றேன், அரிசி லேட்டானா கூட சமாளிக்கலாம், பருப்பு லேட்டாகக் கூடாது. அங்கதான் கடை சொதப்புது. 2024 மே மாசம் பருப்பு, பாமாயில் எல்லா ஊர்லயும் தட்டுப்பாடு, ஜூன்ல வந்து வாங்கிக்கலாம்னாங்க, அது பெரிய விஷயம்னு விட்டுடலாம். ஆனா எங்க கடைல சாதாரண மாசத்துலயே மாசக் கடைசில போனா "லோடு வரலக்கா, அடுத்த வாரம் பாருங்க"ன்னு ஒரே பாட்டு. போன தடவை எனக்கு முன்னாடி நின்ன அக்கா வீட்டு வேலைக்குப் போறவங்க, "ரெண்டாவது வாட்டி லீவு போட்டா சம்பளத்துல புடிப்பாங்கண்ணே, இன்னைக்கே ஒரு பாக்கெட் குடுங்க"ன்னு கெஞ்சறாங்க, அவர் ஸ்டாக்கே இல்லைங்கறார். அவங்க திரும்பிப் போற வழில பொட்டிக் கடைல கால் லிட்டர் எண்ணெய் வாங்குவாங்க, கால் கால் லிட்டரா வாங்குனா லிட்டர் கணக்குல இன்னும் ஜாஸ்திதான். மிச்சம் புடிக்க வேண்டியவங்களுக்குத்தான் செலவு கூடுது.

உளுந்தும் முன்னாடி குடுத்துட்டு இருந்தாங்க, அப்புறம் நிறுத்திட்டாங்க. இட்லி அரிசி ஓசி, உளுந்து மட்டும் வெளி ரேட்டு, என்ன கணக்கோ.

சர்வீஸ் சுமார். கைரேகை மெஷின் வயசானவங்களுக்கு விழவே மாட்டேங்குது, எங்கம்மா விரலை சேலைல தொடச்சு தொடச்சு வைக்கணும். உப்பு, டீத்தூள் வாங்குனாத்தான் மத்தது போடுவேங்கற மாதிரி ஒரு பார்வை வேற, வேணாம்னு கறாரா சொல்லிடுங்க, அது கட்டாயம் கிடையாது. ஆனா 2023 ஜூலைல தக்காளி 100-ஐத் தாண்டுனப்ப சென்னைல சில ரேஷன் கடைல கிலோ 60-க்கு போட்டாங்க பாருங்க, அது நல்ல வேலை, எங்க கடைக்கு வரலைங்கறது வேற விஷயம்.

போறதுக்கு முன்னாடி டிஎன்இபிடிஎஸ்ங்கற அரசாங்க ரேஷன் ஆப்ல ஸ்டாக் பாத்துட்டுப் போங்க, வாங்காத பொருளுக்கு பில் மெசேஜ் வந்தா அப்பவே ரேஷன் புகார் நம்பர் 1967-க்கு போன் பண்ணிடுங்க. மொத்தம் மூணரை ஸ்டார். உளுந்தைத் திரும்பக் கொண்டு வந்தா அரை ஸ்டார் ஏத்தறேன்.