குமுளி ஏலக்காய்க் கடையில் மூன்று வருட வாட்ஸ்அப் அலசல்: என் அனுபவம்

குமுளியில் எங்களுக்கு ஏலக்காய், மிளகுக் கடை. தேக்கடி பார்க்க வருகிறவர்கள் ஒருமுறை வாங்கிப் போவார்கள். அப்புறம் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டுப் பார்சலில் வாங்குவார்கள். அந்த உரையாடல்களைக் கணினியில் அலசிப் பார்க்கலாம் என்று 2022இல் அண்ணன் மகள் சொன்னாள். பைத்தான் என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு நிரலும் எழுதிக் கொடுத்தாள். இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

முதல் மாதம் ஒன்றும் தேறவில்லை. அதிகம் வந்த சொற்கள் ‘அண்ணே’, ‘சேட்டா’, ‘சரி’, ‘எவ்வளவு’. அவற்றை நீக்கினால் அடுத்த சிக்கல் ‘ஏலம்’. எங்கள் பக்கம் ஏலம் என்றால் காயும்தான், புற்றடியிலும் போடியிலும் நடக்கிற ஏலமும்தான். “இன்னைக்கு ஏலம் என்ன போச்சு” என்று விலை விசாரித்தவரையும், “ஏலம் அரைக் கிலோ” என்று ஆர்டர் போட்டவரையும் நிரல் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டது. ‘காய்க்கு’, ‘காயில’, ‘காயும்’ எல்லாம் அதற்கு வேறு வேறு சொற்கள். ஆங்கில எழுத்தில் தமிழும் மலையாளமும் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து நானும் மனைவியும் நோட்டில் சொற்பட்டியல் போட்டோம். இந்த வேலையைச் செய்யாமல் எந்த மென்பொருள் வாங்கினாலும் காசு வீண்தான்.

பாராட்டா குறையா என்று மதிப்பெண் போடும் வசதியும் இருந்தது. “பயங்கர மணம்ணே” என்று எழுதியவரைக் குறை சொன்னவர் கணக்கில் வைத்தது. அதை விட்டுவிட்டோம்.

உண்மையில் உதவியது, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்று பார்த்ததுதான். ‘வெளுத்து’ என்பதன் பக்கத்தில் ‘டப்பா’ திரும்பத் திரும்ப வந்தது. பழைய சரக்கு என்று சந்தேகப்படுகிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். அந்தச் செய்திகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். மதுரை அக்கா ஒருவர் எழுதியிருந்தார்: “கண்ணாடி டப்பால போட்டு ஜன்னல் ஓரம் வச்சேன், வெளுத்துப் போச்சுண்ணே. மணம் அப்படியேதான் இருக்கு.” வெளிச்சம் பட்டால் காயின் பச்சை போய்விடும். அதற்காகத்தான் குடோனில் உள்ளே கறுப்பு பாலிதீன் வைத்த சாக்கில் கட்டுகிறோம். ஆனால் வாடிக்கையாளருக்கு உள்ளே தெரிகிற கவரில் அனுப்பிக்கொண்டிருந்தோம்! வெளிச்சம் புகாத கவருக்கு மாறினோம், ‘இருட்டான இடத்தில் வையுங்கள்’ என்று அதிலேயே அச்சடித்தோம். இப்போது அந்தப் புகார் எப்போதாவதுதான் வருகிறது.

குறைகளைவிடக் கேள்விகள்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன. ஓணம், பொங்கல் சமயத்தில் “ஒரு லிட்டர் பாலுக்கு எத்தனை காய் போடணும்” என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, விலை கூடிய எட்டு எம்எம் காயையே வாங்குவார்கள். இடித்துப் போடுகிற பாயசத்துக்கு அவ்வளவு பெரிய காய் தேவையில்லை. சின்னக் காயில் 10 கிராம் பாக்கெட் போட்டு, அளவையும் பின்பக்கம் எழுதினோம். லாபம் குறையும் என்று மாமா தடுத்தார். இன்று கடையில் அதிகம் போவது அந்தப் பாக்கெட்தான்.

சங்கடங்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவர் உரையாடலையும் தனித்தனியாகத் திறந்துதான் கோப்பாக எடுக்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் அதிலேயே போகும். பெயரையும் எண்ணையும் அழித்த பிறகே நிரலுக்குக் கொடுக்கிறோம், நம்பிப் பேசியவர்கள் இல்லையா! பெரிய குறை, குரல் செய்தி. வயதானவர்கள் பேசித்தான் அனுப்புவார்கள், அதில் ஒரு சொல்கூட இந்தக் கணக்கில் வராது. ஒன்றும் சொல்லாமல் விலகிப் போகிறவர்களும் வரமாட்டார்கள். ஆறு மாதம் ஆர்டர் வராதவர்களுக்கு நானே போன் செய்து கேட்கிறேன்.

சமீபத்தில் ‘தோலோட’ என்ற சொல் கூடியிருக்கிறது. தோலோடு அரைக்கலாமா என்று கேட்கிறார்கள். விதையை மட்டும் உரித்துக் கொடுக்கலாம்தான், ஆனால் உரித்த விதையில் மணம் சீக்கிரம் போய்விடும். அதனால் சின்னச் சின்ன பாட்டிலில் அடைத்து, கேட்டவர்களில் பத்துப் பேருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறோம்.