பொம்பெய் பார்க்கக் கப்பல் பஸ்ஸா, ரயிலா, தனி கைடா?

போன மே மாதம் நாங்கள் ஐந்து பேர் மத்தியதரைக் கடலில் ஏழு நாள் கப்பல் பயணம் போய்வந்தோம். நான், என் கணவர், பன்னிரண்டு வயது மகன், அப்பா, அம்மா. வழியில் இத்தாலியின் நேப்பிள்ஸில் ஒரு பகல் கப்பல் நிற்கும். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய ரோமானிய ஊரான பொம்பெய் அங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அதை எப்படிப் பார்ப்பது என்று மும்பை செம்பூர் வீட்டில் மூன்று வாரம் பேச்சு ஓடியது. கப்பல்காரர்களே நடத்தும் பஸ் டூர் போதும் என்றார் கணவர். அப்பா மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவர். "ரயில் ஓடுற ஊர்ல நமக்கு எதுக்கும்மா காரு?" என்றார். தனியாக ஒரு கைடும் வேனும் ஏற்பாடு செய்யலாம் என்றேன் நான். கடைசியில் நான் சொன்னபடிதான் போனோம். இப்போது முலுண்டிலும் வாஷியிலும் இருக்கும் இரண்டு குடும்பங்கள் இதே கேள்வியோடு போன் செய்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் கைடு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் மும்பைக்கு அருகே தீவில் இருக்கும் எலிஃபண்டா குகைக்கோயில். ஊரிலிருந்து யார் வந்தாலும் கேட்வேயிலிருந்து படகில் ஒரு மணி நேரம் அழைத்துப்போய், நூற்றுச்சொச்சம் படி ஏற்றி, அந்தக் குகையைக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். வந்தவர்கள் மூன்று முகம் தெரியும் சதாசிவ மூர்த்தியின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு அரை மணியில் இறங்கிவிடுவார்கள். ஒரே ஒருமுறை சித்தியோடு போனபோது கைடு வைத்தோம். நம் இடப்பக்கம் இருக்கும் முகத்தின் சீற்றத்தையும், வலப்பக்க முகம் பெண்ணின் சாயலில் கையில் தாமரை ஏந்தியிருப்பதையும் அவர் காட்டிய பிறகுதான், இத்தனை வருடம் நான் அந்தச் சிலையைப் பார்க்கவே இல்லை என்று புரிந்தது. மும்பையில் இருப்பவள், எலிஃபண்டாவுக்கு அடுத்த வாரம்கூடப் போகலாம். பொம்பெய்க்கு இன்னொரு முறை அம்மாவோடு போகமுடியுமா, தெரியாது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் டூர் ஐந்து பேருக்கும் சேர்த்து 460 யூரோ, நுழைவுச்சீட்டும் அதில் அடக்கம். எங்களுக்கு அரை நாள் வேனுக்கு 260, கைடுக்கு 180, பெரியவர்கள் நாலு பேருக்கு ஆளுக்கு 18 யூரோ டிக்கெட். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு இலவசம் என்பதால் மகனுக்குச் செலவில்லை. மொத்தம் 512. ஐந்து பேருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டே பேர் என்றால் கப்பல் டூர் 190 யூரோவுக்குள் முடியும், தனி கைடு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். ரயிலில் ஒருவழிக்கு ஆளுக்கு நாலு யூரோகூட ஆகாது. செலவுதான் முக்கியம் என்பவர்கள் இதற்கு மேல் யோசிக்கவேண்டியதில்லை.

என்னைப் பொறுத்தவரை விஷயம் நேரத்தில் இருக்கிறது. டூர் எத்தனை மணி நேரம் என்று பார்க்காதீர்கள். இடிபாடுகளுக்கு உள்ளே எத்தனை மணி நேரம் நிற்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

கப்பலில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் காட்கோபர் குஜராத்திக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் அன்று கப்பல் பஸ்ஸில் போனார்கள். இரவு சாப்பிடும்போது இரண்டு பேரும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தோம். எட்டேகாலுக்குக் கப்பல் அரங்கில் கூடி, சட்டையில் எண் ஒட்டிக்கொண்டு, பஸ் கிளம்பியது ஒன்பதுக்கு. நாற்பது பேர் இறங்கி, கழிப்பறைக்குப் போய்வந்து, காதில் மாட்டும் கருவியைச் சரிசெய்து உள்ளே நுழையும்போது பத்தேகால். பன்னிரண்டுக்கு வெளியே. அப்புறம் கேமியோக் கடையில் முக்கால் மணி நேரம். சிப்பியில் உருவம் செதுக்கும் அந்த வேலை அந்தப் பகுதியில் பேர்போன தொழில்தான், ஆனால் அவர்கள் வந்தது அதற்காக இல்லையே. ஒன்றரை மணிக்குக் கப்பலில். ஐந்தே கால் மணி நேரத்தில் பொம்பெய்க்குக் கிடைத்தது ஒன்றே முக்கால் மணி நேரம்.

நாங்கள் எட்டு இருபதுக்கு இறங்கினோம். துறைமுக வாசலில் வேன் நின்றது. ஒன்பது மணிக்குத் தளம் திறக்கிறது, ஒன்பது பத்துக்கு உள்ளே இருந்தோம். பன்னிரண்டரைக்கு வெளியே வந்து, வாசலருகே மார்கரீட்டா பீட்சா சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கப்பல். உள்ளே மட்டும் மூன்று மணி இருபது நிமிடம். அவர்களுக்குக் கிடைத்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு.

அந்தக் கூடுதல் நேரம் எங்களுக்கு அம்மாவின் முழங்காலுக்காகத் தேவைப்பட்டது. பொம்பெய்த் தெருக்கள் பெரிய பெரிய எரிமலைப் பாறைகள் பாவியவை. வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. தெருவைக் கடக்க உயரமான கற்களில் கால் வைத்துத் தாண்டவேண்டும். அன்றைக்குத் தெருவில் தண்ணீரும் கழிவும் ஓடியபோது கால் நனையாமல் கடப்பதற்குப் போட்ட கற்கள் அவை. ரயிலிலிருந்து இறங்கியதும் எதிரில் இருக்கும் போர்ட்டா மரினா வாசலில் நல்ல ஏற்றம். அம்மாவுக்கு முடியாது என்று முன்கூட்டியே எழுதியிருந்ததால், கைடு எங்களை மறுகோடியில், ஆம்ஃபிதியேட்டர் என்ற பழைய விளையாட்டு அரங்கின் பக்கம் இருக்கும் வாசலுக்கு வரச்சொன்னார். அங்கிருந்து சக்கர நாற்காலிகூடப் போகும்படி சமன்செய்த பாதை ஒன்று ஊருக்குள் போகிறது. அம்மா நான்கு இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே கைடு அடுத்த கதையைத் தொடங்கினார், யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நாற்பது பேர் குழுவில் அம்மா முதல் அரை மணியிலேயே "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லியிருப்பார்.

அந்த வாசல் வழியாகப் போனதால் ஓடிப்போனவர்களின் தோட்டம் என்ற இடத்தை முதலிலேயே பார்த்தோம். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது தப்பி ஓட முயன்ற பதின்மூன்று பேரின் உருவங்கள் அங்கே விழுந்த நிலையிலேயே இருக்கின்றன. உடல் மக்கிப்போய்ச் சாம்பலுக்குள் வெற்றிடமாக இருந்ததில் சாந்தை ஊற்றி வார்க்கும் முறையை 1863இல் ஃபியோரெல்லி என்பவர் கொண்டுவந்தார். மகன் அதுவரை பேசிக்கொண்டே வந்தவன், அங்கே வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கைடும் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த ஐந்து நிமிட மௌனத்தைப் பின்னால் வரும் குழுவுக்காக யாரும் கலைக்கவில்லை.

அப்புறம் ஊரின் நெடுந்தெருவில் அந்தக் காலத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்று. கல் மேடையில் பெரிய ஜாடிகளைப் புதைத்து, கடைக்குப் பின்னால் சுவரில் குலதெய்வங்களை வரைந்திருந்தார்கள். ஒரு ஜாடிக்குள் ஆயிரத்துக்கு மேல் காசுகள் கிடைத்தனவாம். நாங்கள் மும்பையிலிருந்து வந்த தமிழர்கள் என்று கேட்டதும் கைடு இரண்டு வாசல் தள்ளி எங்களை நிறுத்தினார். பூட்டிய வாசல், வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை. "இந்த வீட்டில்தான் 1938இல் உங்கள் நாட்டுப் பெண் கிடைத்தாள்" என்றார். தந்தத்தில் செதுக்கிய, ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இந்தியச் சிற்பம். முதலில் லட்சுமி என்றார்கள், இப்போது பலர் யட்சியாக இருக்கலாம் என்கிறார்கள். வெசுவியஸ் வெடிப்பதற்கு முன்பே யாரோ அதைக் கடல் கடந்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டில் படித்ததை அப்பா அங்கேயே சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, கைடு அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அந்தப் பூட்டிய வாசலில் ஒரு பஸ் டூர் நிற்பதற்குக் காரணமே இல்லை. எங்களுக்கு அதுதான் அந்த நாளின் உச்சம்.

சரி, என் கணவர் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. கப்பல் டூர் பஸ் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்கள் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ச் சேரவேண்டும். எங்களுக்கு அடுத்தது சிசிலித் தீவு. அதோடு நம் பாஸ்போர்ட்டில் இருப்பது ஷெங்கன் விசா. எங்கள் கப்பலில் ஏறும்போதே பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கையில் நகல்தான் இருந்தது. இந்த நிலையில் தெரியாத ஊரில் நிற்பதை நினைத்தால் எனக்கும் பயம்தான்.

ஆனால் அந்தப் பயத்தின் அளவு தூரத்தைப் பொறுத்தது. நேப்பிள்ஸில் எல்லோரும் நாலரை மணிக்குள் கப்பலேறவேண்டும். பொம்பெய் அரை மணி, முக்கால் மணித் தூரம். இரண்டு மணிக்குத் திரும்புவது என்று வைத்துக்கொண்டால் டயர் பஞ்சராகி வேறு வண்டி பிடித்தாலும் நேரம் மிச்சம். இதே நான் ரோமுக்குச் சொல்லமாட்டேன். ரோமுக்கென்று கப்பல் நிற்கும் சிவிதாவெக்கியா அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். எகிப்தில் அலெக்சாண்டிரியாவில் இறங்கி கீசா பிரமிடுகளுக்குப் போவதென்றால் போகவே 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு கப்பல் பஸ்தான் எடுப்பேன். நானே வைத்துக்கொண்ட கணக்கு இது: ஒருவழிப் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் தனி கைடு, தாண்டினால் கப்பல் பஸ். நடுக்கடலில் கப்பலை நிறுத்திச் சிறு படகில் கரைக்கு இறக்கும் துறைமுகங்களில் எங்களுக்கு அனுபவம் இல்லை. கப்பல் டூர்க்காரர்களையே முதலில் இறக்குவார்கள் என்று கேள்வி. அப்படியானால் காலையிலேயே நேரம் போய்விடும், என் கணக்கு அங்கே பொருந்தாமல் போகலாம்.

அப்பாவின் ரயிலைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. கல்லூரிப் பிள்ளைகளோ, நன்றாக நடக்கும் இருவரோ என்றால் அதுவே போதும். சொரெண்டோ போகும் வண்டியில் ஏறி 'பொம்பெய் ஸ்காவி' நிலையத்தில் இறங்கினால் வாசல் எதிரிலேயே. பொம்பெய் என்ற பெயரில் வேறு நிலையங்களும் உண்டு, பெயரை முழுதாகப் பார்த்து இறங்கவேண்டும். கூட்டமும் ஜேப்படியும் இருக்கும் என்று எச்சரிப்பார்கள். மும்பை குர்லா ஸ்டேஷனில் சாயங்காலம் ஏறி இறங்குகிறவர்களுக்குப் பையை முன்னால் மாட்டிக்கொள்ளச் சொல்லித்தரவேண்டியதில்லை. என் தயக்கம் வேலைநிறுத்தம் பற்றியது. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும், கப்பல் தேதியை நாம் மாற்றமுடியாது. ரயிலில் போகிறவர்கள் அங்கே வாசலில் சேர்ந்துகொள்ளும் கூட்டுக் குழுக்களில் கைடு எடுக்கலாம். அதை நான் செய்து பார்க்கவில்லை.

தனி கைடு என்று முடிவெடுத்தால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். முதலாவது, டிரைவர் வேறு, கைடு வேறு. இத்தாலியில் உரிமம் பெற்ற கைடுதான் தளத்துக்குள் விளக்கிச் சொல்லலாம், அடையாள அட்டை வைத்திருப்பார். எங்கள் உறவில் ஒருவர் நன்றாக ஆங்கிலம் பேசும் டிரைவரைப் பதிவுசெய்துவிட்டு, வாசலில் அவர் "நான் இங்கே காத்திருக்கிறேன்" என்றபோதுதான் விழித்தார். உள்ளே இரண்டு மணி நேரம் வரைபடத்தை வைத்துக்கொண்டு சுற்றினார்கள். இரண்டாவது, காற்று, அலை காரணமாகக் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே போகாவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கப்பல் டூரில் அது தானாகத் திரும்பிவிடும். எங்கள் கைடு முன்பணமே கேட்கவில்லை. வேனுக்கு மட்டும் கொஞ்சம் கட்டினோம், ரத்தானால் திருப்புவதாக மின்னஞ்சலில் உறுதி வாங்கியபிறகு.

நுழைவுச்சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, பெயர் போட்ட சீட்டுதான் தருகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், அதனாலேயே அன்று கூட்டம் அதிகம். தொப்பி கட்டாயம், நிழல் குறைவு. தண்ணீர் வாங்கிக்கொண்டே இருக்கவேண்டாம், உள்ளே தெருக்குழாய்களில் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு குறை இருக்கிறது, அது என் திட்டத்தின் குறைதான். இரண்டு மணிக்கே கப்பலுக்கு வந்துவிட்டோம், இரண்டரை மணி நேரம் கையில் இருந்தது. அந்தத் தந்தப் பெண் நேப்பிள்ஸ் நகரத் தொல்பொருள் மியூசியத்தில்தான் இருக்கிறாள். முன்பே தெரிந்திருந்தால் பீட்சாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நேராக அங்கே போயிருப்போம். முலுண்ட்காரர்களிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர்கள் கப்பல் நேப்பிள்ஸில் நிற்பது வியாழக்கிழமை, மியூசியத்துக்கு விடுமுறை செவ்வாய். கைடிடம் மாலைவரை கேட்டு வைத்திருக்கிறார்கள்.