பவர் பிளேயில் பெடார்ட் எங்கே: இடது வட்டமா, வலது ஓரமா?

ஐஸ் ஹாக்கியில் எதிரணி ஆள் ஒருவர் தப்பு செய்து 2 நிமிடம் வெளியே உட்கார, ஐந்து பேர் நான்கு பேரை எதிர்த்து ஆடுவதுதான் பவர் பிளே. சிகாகோ பிளாக்ஹாக்ஸ் 2023 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக எடுத்த கானர் பெடார்டை அப்போது எங்கே நிறுத்துவது?

இடது வட்டம், அதாவது எதிரணி கோலுக்கு முன்னால் இடப்பக்கம் பனியில் வரைந்திருக்கும் வட்டம் என்றால், மட்டையை வலப்பக்கம் பிடித்து ஆடும் அவர், குறுக்கே வரும் பக்கை (ரப்பர் வட்டை) நிறுத்தாமல் அப்படியே அடிக்கலாம், கோல்கீப்பர் இந்தப் பக்கம் நகர்ந்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். வாஷிங்டன் அணியின் நட்சத்திரம் அலெக்ஸ் ஒவெச்கின் அங்கிருந்துதானே இத்தனை வருடமாக அடித்துக் குவித்தார்! ஆனால் ஒரு தடுப்பாளர் ஒட்டிக்கொண்டால் பக்கே வராது. சரி, அப்போது மற்ற நான்கு பேருக்கு எதிரே மூன்று பேர்தான், அதுவும் லாபம்தான்.

வலது ஓரத்தில் அந்த நேரடி அடி போய்விடும். பதிலாக பக்கைத் தன் மட்டையில் வைத்துக்கொண்டு, பார்த்து, பிரித்துக் கொடுக்கலாம். முதல் சீசனில் 68 ஆட்டத்தில் 22 கோல், 39 அசிஸ்ட் (மற்றவர் கோல் அடிக்கக் கொடுத்த பாஸ்). வெறும் கோல் அடிப்பவர் மட்டும் இல்லை அவர்.

என் ஓட்டு இடது வட்டத்துக்கு, ஆனால் அங்கேயே கட்டிப்போடாமல், கோலிலிருந்து தள்ளி நடுப்பகுதி வரைக்கும் சுற்றி வர விட வேண்டும்.