பழைய காரில் மைலேஜ் விழுந்தால்: ட்யூனிங்கா, ஸ்கேனரா?

பத்துப் பன்னிரண்டு வயதான பெட்ரோல் கார், லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்தது 12-க்கு இறங்கிவிட்டது. வேலூரில் எந்த ஷெட்டில் கேட்டாலும் முதலில் வரும் பதில், "ட்யூனிங் பண்ணிடலாம் சார்". நாலு ப்ளக், ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி க்ளீனிங், இன்ஜெக்டர் வாஷ் என்று சில ஆயிரங்களுக்குப் பில் வரும். இன்னொரு வழி, ஓர் ஓபிடி ஸ்கேனரை (காரின் கணினியில் உள்ள தகவல்களைப் படிக்கும் கருவி) மாட்டி எஞ்சினின் கணக்கைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு எதில் கைவைப்பது என்று முடிவு செய்வது. கம்பெனி சர்வீஸ் சென்டரையும் மூன்றாவதாகச் சொல்லலாம். ஆனால் எச்சரிக்கை விளக்கு எரியாத காரை அங்கே விட்டால், பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்குப்படி செய்யும் வழக்கமான சர்வீஸோடு திரும்பிவரும். என் ஓட்டு ஸ்கேனருக்கு.

எதைத் தேர்ந்தாலும், மைலேஜ் நிஜமாகவே விழுந்ததா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பங்க், பம்ப் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்துவது, குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டம், மறுபடி அதே பங்கில் ஃபுல் டேங்க். டாஷ்போர்டு காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். டயர் மாற்றியபோது அளவு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 13 அங்குல வீலில் 155/80 இருந்த இடத்தில் 165/80 போட்டால் விட்டம் 578 மில்லிமீட்டரிலிருந்து 594 ஆகிறது. ஓடோமீட்டர் கிட்டத்தட்ட 3 சதவீதம் குறைத்துக் காட்டும். மைலேஜும் அதே அளவுக்குக் குறைந்ததுபோல் தெரியும். அடுத்தது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய காரில் ஐந்தாறு சதவீதம் இதிலேயே போய்விடும். 16 என்பது 15 ஆனதற்கு மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை. 12 ஆனால்தான் விஷயம்.

ட்யூனிங் வீண் வேலை என்று சொல்லவில்லை. சாதாரண நிக்கல் ப்ளக் 40,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் ஸ்கேனர் என்ன சொன்னாலும் மாற்ற வேண்டியதுதான். கார்புரேட்டர் வண்டி என்றால் ட்யூனிங்கைத் தவிர வேறு வழியே இல்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் கதை வேறு. ஏர் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைத்துவிடும். இழுவை போகும், மைலேஜ் அவ்வளவாகப் போகாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல் சோதித்துப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான். நாலு பாகத்தை ஒரே நாளில் மாற்றிவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு: மைலேஜ் ஏறினாலும் எது சரிசெய்தது என்று தெரியாது, ஏறாவிட்டாலும் எது பாக்கி என்று தெரியாது.

ஸ்கேனருக்கு வருவோம். காரின் போர்ட்டில் மாட்டி போனோடு இணைக்கும் இஎல்எம்327 அடாப்டர் வாங்கும்போது 1.5 பதிப்பாகப் பாருங்கள். 2.1 என்று விற்கும் மலிவு நகல்களில் பல, பழைய கார்களில் உள்ள கே-லைன் என்ற தகவல் இணைப்போடு பேசாது. போனில் டார்க் (Torque) அல்லது கார் ஸ்கேனர் (Car Scanner) செயலி போதும். பேட்டரி வயரைக் கழற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கழற்றினால் இசியு கற்று வைத்திருக்கும் திருத்தக் கணக்கு அழிந்துவிடும். அந்தக் கணக்குக்குத்தான் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்று பெயர். இசியு பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்தால் கூட்டல், குறைத்தால் கழித்தல். சூடான எஞ்சினில் ஐட்லிங்கிலும், 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தும் பாருங்கள். கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. பழைய காருக்கு இ20 ஊற்றினாலே ஐந்தாறு கூட்டலில் நிற்கும், அதைக் கோளாறாக எடுக்கக் கூடாது. கழித்தலில் 15, 20 என்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், மூடாத பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடுவது), ஏறிப்போன ஃப்யூயல் பிரஷர் என்று தேடலாம். ஐட்லிங்கில் மட்டும் கூட்டல் அதிகமாகி, ரேஸ் கொடுத்ததும் இறங்கினால் எங்கோ வேக்குவம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று உள்ளே புகுகிறது. ஆனால் நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் காற்றை நேரடியாக அளக்காமல் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் மேப் சென்சர்தான் இருக்கிறது. அவற்றில் லீக் இருந்தால் ட்ரிம் பெரிதாக ஏறாது, ஐட்லிங்தான் ஏறும்.

இதெல்லாவற்றையும்விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது கூலன்ட் வெப்பம். வெயில் ஊர் என்பதால் "இந்தச் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று, எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் அந்த வால்வைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் அது இருக்கிறதா இல்லையா என்று வாங்கியவருக்கே தெரியாது. சின்னக் கார்கள் பலவற்றில் டெம்பரேச்சர் முள்ளும் இல்லை. நீல விளக்கு அணைந்தால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அது முழுச் சூட்டுக்கு வெகு முன்பே அணைந்துவிடும்.

சோதனை எளிது. காட்பாடி, கிரீன் சர்க்கிள் நெரிசலில் எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். பிறகு பெங்களூர் நெடுஞ்சாலையில் 80-ல் பள்ளிகொண்டா டோல்கேட் வரை போங்கள். பக்கத்தில் இருப்பவர் கூலன்ட் அளவைப் பார்த்துக்கொண்டு வரட்டும். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் 85-லிருந்து 95 டிகிரிக்குள் அசையாமல் நிற்கும். நெரிசலில் 90 காட்டியது வேகத்தில் 65, 70 என்று இறங்கினால் வால்வு திறந்தபடி சிக்கிவிட்டது, அல்லது இல்லவே இல்லை. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இசியு பெட்ரோலைக் கூட்டியே கொடுக்கும், ஆயிலும் இளகாது. பி0128 என்ற பிழைக் குறியீடு இதற்காகவே இருக்கிறது, ஆனால் பழைய வண்டிகளில் அது எப்போதும் விழும் என்று நம்ப முடியாது. சென்சரே பொய் சொல்கிறதா என்று அறிய, இரவு முழுக்க நின்ற காரில் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பத்தையும் உள்வரும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28, கூலன்ட் 10 என்றால் மாற்ற வேண்டியது சென்சர்.

ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியையும் மூடும் வகைத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால், சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். எதற்குப் பயந்து கழற்றினார்களோ, நெரிசலில் அதே ஓவர்ஹீட் வரும். புதியது போடும்போது 82, 88 என்று அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரி உங்கள் எஞ்சினுக்குரியதுதானா என்று பாருங்கள். சின்ன பெட்ரோல் கார்களில் பாகம் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். கூடவே புது ரப்பர் சீல், குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலன்ட், ஏர் லாக் போகும்வரை பொறுமை.

ஸ்கேனருக்குத் தெரியாத சங்கதியும் உண்டு. ட்ரிம், வெப்பம் இரண்டும் சரியாக இருந்தும் மைலேஜ் இல்லை என்றால் எஞ்சினை விட்டுவிட்டு சக்கரத்துக்குப் போங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அழுத்தாமல் தானாக உருண்டு நிற்க விட்டு, நாலு வீலிலும் உள்ளங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பிரேக் ஜாம். முன் வீலில் பெரும்பாலும் காலிப்பரின் ஸ்லைடு பின் காய்ந்திருக்கும், பின் வீலில் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கும். காற்று 30 பாயின்டா என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்கேனர் எல்லாக் காரிலும் இணையுமா? பிஎஸ்-4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) கார்களுக்கு, ஸ்கேனர் படிக்கும் ஓபிடி-2 முறை கட்டாயமானது 2013 ஏப்ரலில். பிஎஸ்-4 நாடு முழுக்க வந்ததோ 2017-ல். அதற்கு முந்தைய வேலூர், ராணிப்பேட்டை பதிவு வண்டி பிஎஸ்-3 ஆகவும் இருக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் போர்ட் இருந்தும் இணையாமல் போக வாய்ப்புண்டு, அதனால் வாங்குவதற்கு முன் யாரிடமாவது கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். டீசலுக்கு இந்த அலசல் பாதிதான் பொருந்தும். கூலன்டும் பிரேக்கும் அதே கதை, ஆனால் பெட்ரோல் போல ஃப்யூயல் ட்ரிம் அங்கே கிடையாது. புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வு, டர்போ ஹோஸ் லீக், இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு ஆகியவற்றைப் பார்க்கத் தெரிந்த டீசல் பம்ப் கடைக்காரரிடம்தான் போக வேண்டும்.